மடிப்பில் தேய்ந்த இடம்

குத்தாய்சியில் மூன்றாவது நாளாக மழை.
சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்தோம்.
சுருண்டு சுருண்டு எழும் மூலைகளில் ஒன்றுக்கு
உப்புக் குப்பி,
ஒன்றுக்குப் புளிப்புப் பிளம் குழம்புப் புட்டி,
ஒன்றுக்கு நுக்ஸாரின் ஸ்பேனர்.
நான்காவதுக்கு என் முழங்கை.

எட்டு நாள் விடுப்பு.
இருபத்தோரு வயது வேன் ஒன்று,
கிளட்ச் மட்டும் புதுசு.
மூன்று பேர், ஆளுக்கொரு திசை.

நுக்ஸாருக்கு துஷேத்தி.
வருடம் முழுக்க லிஃப்ட் பழுதுபார்க்கிறவன்.
நேராக ஏறி நேராக இறங்கியே
அலுத்துவிட்டதாம்.
அங்கே பாதை வளைந்து வளைந்து போகும்,
ஒரு பக்கம் பாறை,
மறுபக்கம் ஒன்றுமே இல்லை என்றான்.
அந்த ஒன்றுமே இல்லையைச் சொன்னபோது
அவனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

ஒன்றுமே இல்லாததைப் பார்க்க
எதற்கு இவ்வளவு பெட்ரோல் என்றாள் சியாலா,
அவன் மனைவி.
அவளுக்குக் கிழக்குக் கோடி, வாஷ்லோவானி.
மருந்துக்கடையில் உட்கார்ந்து
சொட்டும் குடைகளோடு வரும் இருமல்களை
வகைவகையாய்க் கேட்டவள்.
மழை வழிதவறிக்கூட வராத மண்ணில்
ஒரு வாரம் கிடக்கவேண்டும்,
துவைத்த சாக்ஸ்
கண்ணெதிரே காயவேண்டும், அவ்வளவுதான்.

நான் மதில்மேல் பூனை.
சன்னலுக்கு வெளியே நிஜமாகவே ஒன்று
எதிர்வீட்டு மதிலில் நனைந்துகொண்டிருந்தது.
பாவம், அதற்கு இரண்டு பக்கமும் சேறு.

கடலுக்குப் போகலாமே என்றேன்.
அதுவரை அடித்துக்கொண்ட இருவரும்
சட்டென்று ஒரே கட்சி ஆனார்கள்.
கடல் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுமாம்.
வந்துவிடுகிற இடத்துக்கு
யாராவது போவார்களா?

பிறகு நுக்ஸாரின் விரல்
வடக்கே மேலேறி
உஷ்குலிப் பக்கம் ஊர்ந்தது.
நான் உப்புக் குப்பியை எடுத்து
அந்தப் பெயர்மேல் வைத்தேன்.
போன வருடம் அங்கே நான் தனியாகப் போகவில்லை,
தனியாகத்தான் திரும்பினேன்.
சியாலா குப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
கொஞ்சம் தேநீர் ஊற்றினாள்.
நுக்ஸார் விரலை மடக்கிக்கொண்டான்.

குப்பி நகர்ந்ததால் மூலை விடுபட்டது.
எப்போதடா என்று காத்திருந்ததுபோல
பாதி நாடு சுருண்டு
மறு பாதியின்மேல் விழுந்தது.

நிமிர்த்தும்போதுதான் பார்த்தோம்.
நான்கு மடிப்பும் கூடும் இடத்தில்
தாள் தேய்ந்து, சுண்டுவிரல் நுழையும் ஓட்டை.
பக்கூரியானிக்குத் தெற்கே.
அதன் வழியே தெரிந்தது
மேசைவிரிப்பின் நீலக் கட்டம்.

இங்கே என்ன இருந்தது?

ஏரி என்றான் நுக்ஸார்.
உருளைக்கிழங்கு என்றாள் சியாலா.
அவள் சித்தப்பா அங்கே பட்டாளத்தில் இருந்தவர்,
குளிரைத் தவிர எதையும்
ஊருக்குக் கொண்டுவராதவர்.
நான் அலைபேசியை எடுத்தேன்.
சியாலா அதை வாங்கி
ரொட்டிக் கூடையில் போட்டுத் துணியால் மூடினாள்.
ரொட்டி ஆறட்டும், அப்புறம் பார் என்றாள்.

மழைச் சத்தத்தில் கணக்குப் போட்டோம்.
பெட்ரோலுக்குக் கட்டுப்படியாகும்.
நுக்ஸாருக்கு ஒரு கணவாய் கிடைக்கும்,
கிடுகிடு பள்ளம் இல்லாவிட்டாலும் சும்மா ஒரு பள்ளம்.
சியாலாவுக்கு மழை குறையலாம், குறையாமலும் போகலாம்.
எனக்கு, நான் போகாத ஊர்.
யாருக்கும் முழுச் சம்மதம் இல்லை,
அதனால்தான் சண்டை ஓய்ந்தது.

பின்பக்கம் டேப் ஒட்டட்டுமா என்று கேட்டேன்.
வேண்டாம், இருக்கட்டும் என்றார்கள் இருவரும்.
பழைய மடிப்பிலேயே மடித்தேன்.
ஓட்டை இன்னும் ஒரு நூல் பெரிதானது.

ஜூன் மாதம்தானே என்றான் நுக்ஸார்.
சியாலா பதில் சொல்லவில்லை.
பக்கத்து அறையில்
இழுப்பறை திறக்கும் சத்தம்,
கம்பளி சாக்ஸ்களை
ஜோடி ஜோடியாய் எண்ணும் குரல்.
ஏழாவது ஜோடிக்கு
ஒரு கால் கிடைக்கவில்லை.