துறைக் கூலி

கடல் இங்கிருந்து நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர்.
வங்கி விண்ணப்பத்தில் 'அருகிலுள்ள துறைமுகம்' என்ற கட்டத்தில்
அதைத்தான் எழுதினேன்.
மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"ராணிப்பேட்டையில படகு எதுக்கும்மா?"
வாடகை குறைவு சார், என்றேன்.
வேறு காரணம் இருந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

ஷெட் முன்பு தோல் மண்டி.
ஆட்டுத்தோலில் அப்பிய உப்பு
சுவருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.
மழைக்கு முந்தைய புழுக்கத்தில் வெள்ளையாய்ப் பூக்கும்.
விரலில் தொட்டு நக்கிப் பார்த்து
"கடல் வந்துடுச்சுக்கா" என்பான் இம்தியாஸ்.

அச்சுக்கு மெழுகு தேய்த்து, ஜெல்கோட் அடித்து,
கண்ணாடி நாரை விரித்துப் பிசினில் ஊறவிட்டு
உருளையால் காற்றுக் குமிழ்களை விரட்டுவோம்.
ஒரு குமிழ் தப்பினாலும் அது பழவேற்காட்டில் போய்ப் பேசும்.
பகலெல்லாம் நார், இரவெல்லாம் அரிப்பு,
கணக்கு நோட்டின் மூலையெல்லாம் தேங்காயெண்ணெய்.

பிசினுக்கு வரி பதினெட்டு. படகுக்கு ஐந்து.
நடுவில் நிற்கிற பணத்தைக் கேட்டுப் போனால்
மீன்வளத்துறை தொழில்துறையைக் காட்டியது,
தொழில்துறை வணிகவரித்துறையைக் காட்டியது.
இத்தனை துறை இருக்கிற ஊரில்
ஒரு படகைக் கட்டிவைக்கத் துறை கிடையாது.

ஓடமும் ஒருநாள் வண்டியேறும் என்பார்கள்.
எங்கள் ஓடம் பிறந்ததும் வண்டிதான் ஏறும்.
லாரி பின்பக்கமாய் வந்து ஒட்டுகிற சிமெண்ட் மேடைக்கு
எங்கள் ஷெட்டில் பெயர் ஹார்பர்.
வாலில் சிவப்புத் துணி கட்டி, முத்துக்கடை வளைவில்
இளநீர்க்காரரின் தார்ப்பாயைக் கிழிக்காமல் திருப்பிவிட்டால்
பாதிக் கடல் தாண்டியாச்சு, என்பார் ஓட்டுநர் தணிகாசலம்.

ஒழுகுமா என்று பார்க்க வேண்டாமா?
மிதக்கவிட இடமில்லை. தலைகீழாய்ப் பார்க்கிறோம்:
வெளியே இருக்கவேண்டிய தண்ணீரைப் படகுக்குள் நிரப்பி
அடியில் மல்லாந்து, டார்ச் அடித்து,
துளி வருகிறதா என்று ஒரு ராத்திரி முழுக்க.
டேங்கருக்கு எண்ணூறு ரூபாய்.
காலையில் குடங்கள் வந்துவிடும்.
பிசின் நாத்தம், குடிச்சிடாதீங்க, என்றால்
"துணிக்குத்தான்" என்பாள் எதிர்வீட்டுச் செண்பகவல்லி,
விளிம்பைப் பிடித்து எட்டி மொண்டபடி.

அந்தக் கார்த்திகையில் பாலாற்றில் தண்ணீர் வந்தது.
இரவு ஒன்றரைக்கு தாசில்தார் ஆபீஸிலிருந்து போன்:
"உங்ககிட்ட போட் இருக்காமே?"
எந்தத் துறை சார், என்று கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.
இருந்தது ஒன்று. எல்லப்பனுக்குச் செய்தது.
முன்பணம் மட்டும் வந்திருந்தது.
பக்கவாட்டில் அவர் மகள் பெயர், பூங்கோதை,
கால் எழுத்து இன்னும் காயவில்லை.

நூற்று நாற்பது படகு செய்த இம்தியாஸுக்கு நீச்சல் தெரியாது.
எனக்கும்தான்.
காவேரிப்பாக்கம் ஏரியில் வலை போடுகிற கோதண்டன்
துடுப்பைக் குறுக்கே கட்டிக்கொண்டு பைக்கில் வந்தான்.
ஹார்பரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் லாரி,
அப்புறம் ரேஷன் கடையருகே தார் ரோடு தண்ணீருக்குள் போனது.
அங்கே இறக்கினோம்.
நான் செய்த ஒன்று மிதப்பதை அன்றுதான் பார்த்தேன்,
இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து.
சாய்கிறது என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லையே.

பதினேழு பேர், இரண்டு ஆடு, ஒரு கிரைண்டர்.
விடிந்தபோது அடியில் ஏதோ மதில் உரசிய கீறல், முழ நீளம்.

எல்லப்பன் வந்தார். கட்டைவிரலால் கீறலைத் தடவினார்.
வெள்ளக் கதையை முழுசாய்க் கேட்டார், டீ குடித்தார்,
மூவாயிரம் குறைத்தார்.
சாய்வைப் பற்றிக் கேட்டேன்.
"உங்க படகு எல்லாமே அப்படித்தாம்மா.
ஐஸ்பெட்டிய வலப்பக்கம் வெச்சுக்குவோம்."

அந்த மூவாயிரத்தை நோட்டில் எங்கே எழுத?
சேதாரம் என்று எழுதி, அடித்தேன்.
துறைக் கூலி, பாலாறு, ஒரு ராத்திரி.
அதற்குக் கீழே, பென்சிலில்:
அச்சைப் பார்க்கவும். இடப்பக்கம்.