குளிர்ந்த எஞ்சின்

காலையில் முதல்முறை சாவியைத் திருப்பும்போது மட்டும்
மூன்று வினாடி.
தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக்
குலுக்குவது போல.
பிறகு ஆயில் மேலேறிவிடும்,
எட்டு சிலிண்டரும் ஒரே குரலுக்கு வந்துவிடும்,
நானும் கேட்காதவளாகி
ஆலைக்குக் கிளம்பிவிடுவேன்.

இரண்டு குளிர்காலம் அப்படிப் போனது.

பனெவெஜிஸ் தாண்டி, ரீகா போகும் சாலையில்
மரம் ஏற்றிய லாரியை முந்த
மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தபோது
சங்கிலி பல் தாவியது.
வெடிச்சத்தமெல்லாம் இல்லை.
பேசிக்கொண்டிருந்த ஒருவர்
பாதி வாக்கியத்தில் எழுந்து போனது போல.
டாஷ்போர்டில் இருந்த அத்தனை விளக்கும் எரிய
வண்டி தானாக உருண்டுபோய்
ஒரு பேருந்து நிறுத்தத்தில் நின்றது.
அங்கே நின்றிருந்த பையன்
காதிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு
"செம வண்டி" என்றான்.

ஸ்கிர்மந்தஸின் பட்டறை
ஒரு காலத்தில் கூட்டுப்பண்ணையின் டிராக்டர் கொட்டகை.
மற்ற எஞ்சின்களுக்குச் சங்கிலி முன்பக்கம்,
இதற்கு மட்டும் முதுகுப்பக்கம்.
முழுசாக வெளியே இறக்கினால்தான்
பார்க்கவே முடியும்.
இரண்டு நாள் இறக்கினான்.
அடித்தொட்டியைக் கழற்றி, ஆயிலைச் சல்லடையில் ஊற்றி,
தங்கியதை என் உள்ளங்கையில் கொட்டினான்.
பழுப்புத் துண்டுகள். காந்தத்தில் ஒட்டாதவை.
கருகிய ரொட்டி ஓரம் போல இருந்தன.

"பிளாஸ்டிக். சங்கிலியை வழிபிசகாமல்
பிடித்து வைத்திருக்கும் பட்டை.
விலை நாற்பது யூரோ.
அதுவரை கை போய்ச் சேர இரண்டாயிரம்."

வளைந்த வால்வுகள் ஆறு.
நான்காவது பிஸ்டனின் தலையில்
நகம் பதிந்தது போல இரண்டு பிறைகள்.

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்,
நாளை மழை வரும் என்பது போல:
"உடைந்த பக்கத்தை மட்டும் சரிசெய்கிறேன்.
மறுபக்கம் இன்னும் ஒரு வருடம் தாங்கும், தாங்காமலும் போகும்.
விற்றுவிடு.
வாங்குகிறவர் வருமுன் இருபது நிமிடம் ஓடவிடு.
சூட்டில் சத்தம் வராது."

சூட்டில்.

மரியம்போலே, பிப்ரவரி, மைனஸ் பதினான்கு.
ஒட்டக நிறக் கோட்டுப் போட்ட எவால்தஸ்
எனக்காகக் கதவைத் திறந்து நின்றான்.
கையுறையைக் கழற்றிவிட்டு
இரண்டு கைகளையும் பானெட்டில் வைத்தேன்.
அந்தக் குளிரில் அது
உறங்கி எழுந்த ஒரு மிருகத்தின் விலா.
"இப்போதுதான் மகளைப் பள்ளியில் விட்டு வந்தேன்" என்றான்.
கைகள் சிவந்து, சிரித்தபடி,
ஒன்பதாயிரத்தைப் பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தேன்.

அது ஞாயிற்றுக்கிழமை.

எப்படித் தெரியாமல் போயிற்று
என்று என்னைக் கேட்காதீர்கள்.
நான் கணக்குப் பிரிவில் வேலை செய்பவள்,
நாளும் தேதியும் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன்.

மறுபக்கத்துக்கு என்னிடம் பணமில்லை.
ஷௌலேயிலிருந்து ஒரு பெண் அழைத்தாள், ஐஸ்தே.
இரவுப் பணி முடித்து நேரே வருவாளாம்,
ஏழு மணிக்கு வரலாமா என்றாள்.
அவள் குரலில் எட்டு சிலிண்டரும் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தன.
வா என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆறேகாலுக்கு விழித்தேன். அலாரம் வைக்கவில்லை.
ஆறரைக்கு ஓட்டுநர் இருக்கையில் இருந்தேன்,
இரவு உடையின் மேல் கோட்டுடன்.
இருபது நிமிடம் என்றால்
ஆறு நாற்பதுக்குள் தொடங்க வேண்டும்.
ஆறு நாற்பது ஆனது.
கண்ணாடியில் என் மூச்சு படிந்து
வெளியே எதுவும் தெரியாமல் போனது.
ஆறு நாற்பத்தாறு.
இப்போதும் பாதிச் சூடாவது ஏறும்.

சந்தின் முனையில் விளக்குகள் திரும்பின.

அவள் மருத்துவமனைக் காலணியோடே வந்திருந்தாள்.
நான் செய்தது போலவே, அப்படியே,
கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டாள்.
"ஜில்லென்று இருக்கிறதே."
"ஆமாம்" என்றேன்.
சாவியை நீட்டினேன். அது மட்டும்
என் கைக்குள்ளேயே கிடந்து சூடாகியிருந்தது.

அவள் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தவில்லை.
"சத்தத்தைக் கவனி" என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் திருப்பிவிட்டாள்.

ஒன்று,
என்று எண்ணத் தொடங்கினேன்.