குறிப்புகள் என்ற கட்டம்

ஷார்ஜா, அல் காசிமியா. ஆகஸ்ட்.
காலை ஏழு மணிக்கே
கார்க் கதவின் கைப்பிடி சுட்டது.

பசுமைக் கட்டடச் சான்றிதழ் வேண்டும் என்றார் அபு சைஃப்.
"எத்தனை மரம் நட வேண்டும்?"
மரம் அப்புறம், என்றேன்.
முதலில் பன்னிரண்டு மாத மின்சார பில்,
தண்ணீர் பில், கட்டட வரைபடம்.
வரைபடம் இல்லை.
பில்கள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன.
ஜனவரித் தொகைக்கும் ஜூலைத் தொகைக்கும் நடுவே
ஒரு பாலைவனம் கிடந்தது.

பிறகு நடந்தோம்,
நானும் மரிய செல்வினும், மாடி மாடியாக.
ஆளில்லாத படிக்கட்டில்
பட்டப்பகலில் எரியும் முப்பத்தாறு குழல்விளக்குகள்.
நான்காம் மாடி சன்னல் இடுக்கில்
செல்வின் ஊதுவத்தியை நீட்டினான்.
புகை வெளியே ஓடியது,
குளிருக்குக் கட்டிய காசையும் கூட்டிக்கொண்டு.

பின்சுவரில் ஏசிகள் சொட்டிச் சொட்டி
பாசி படர்ந்திருந்தது.
அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே பச்சை.
வாளி வைத்தோம்.
தேநீர் குடித்துத் திரும்புவதற்குள் நிறைந்துவிட்டது.
கடலைக் காய்ச்சிக் குடிக்கிற ஊரில்
சாக்கடைக்குப் போகும் நன்னீர்.

மொட்டைமாடியில்
தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் அறை.
இரவுக் காவலாளி குல் ஜமான்
பகலில் அங்கேதான் தூங்குகிறார்;
தூங்கப் பார்க்கிறார்.
வெப்பமானியைக் கேட்டு வாங்கி
தன் சுவரில் தானே வைத்தார்.
நாற்பத்தாறு.
"சுவருக்குக் காய்ச்சல்" என்று சிரித்தார் உருதுவில்.

படிவத்தில் 'வசிப்போர் நலம்' என்றொரு பகுதி உண்டு.
ஐம்பத்து நான்கு குடும்பங்கள் என்று எழுதியிருந்தது.
அதில் அவர் இல்லை.
கட்டடத்தின் பரப்பளவில் அவர் அறையும் இல்லை.

"சேர்த்தா புள்ளி குறையும்க்கா."
சேர்த்தேன்.

கூரைக்கு வெப்பத்தைத் திருப்பியடிக்கும் வெள்ளை பூச்சு:
பரிந்துரைகளில் முதலாவது.
அபு சைஃப் புருவம் உயர்த்தினார். எனக்கென்ன லாபம்?
ஒன்பதாம் மாடிக் குடித்தனங்கள்
கோடைக்குக் கோடை ஏன் காலி செய்கிறார்கள் என்று
திருப்பிக் கேட்டேன்.
கொஞ்ச நேரம் தஸ்பீஹ் மணிகளை உருட்டினார்.
காலியாகக் கிடந்த மாதங்களை எண்ணியிருப்பார்.

செப்டம்பர் முதல் வாரம் அடித்து முடித்தார்கள்.
விளக்குகளுக்கு உணரிகள் வந்தன.
ஏசி நீர், வாசல் வேப்பங்கன்றுகள் இரண்டுக்குப் போகிறது.
சான்றிதழ் இன்னும் வரவில்லை.
ஏதோ ஒரு ரசீதில் முத்திரை தெளிவில்லையாம்.

நேற்று செல்வின் அனுப்பிய அளவீட்டுத் தாளில்
கூரை அறை: முப்பத்து நான்கு.
பக்கத்தில், குறிப்புகள் என்ற கட்டத்தில்,
அவனுடைய கோணல் கையெழுத்து:
'மதியம் இரண்டு மணி.
வாசலில் செருப்பு கிடக்கிறது.
கதவைத் தட்டவில்லை.'