ஆறு எண்ணுமட்டும்

குளிசை தரமாட்டன் எண்டுட்டார் டொக்டர்.
சம்மாந்துறை ஆஸ்பத்திரி, செவ்வாய்க்கிழமைக் கிளினிக்,
எனக்கு முன்னால் நாற்பத்தொரு நம்பர்.
"எழுபத்து மூணு வயசு. ராவையில எழும்பி விழுந்தா
இடுப்பு உங்கட, கேள்வி எனக்கு."
போன மாரியில் மீராசாகிபு விழுந்ததும் அப்படித்தான்,
குளிசை மயக்கத்தில், கக்கூசு வாசற்படியில்.
ஒண்டும் பேசாமல் துண்டை மடித்துச் சேர்ட் பையில் வைத்தேன்.

பக்கத்து அறையில் தாதி கோகிலவாணி,
வீரமுனைப் பிள்ளை.
"நாலு எண்ணுமட்டும் இழுங்க.
ஆறு எண்ணுமட்டும் விடுங்க.
கை வயித்தில. நெஞ்சில வேணாம்."
இதுக்கா காலம்பற ஆறு மணிக்கு வந்து குந்தினேன்?

இருபத்தாறு வருசம் வட்டவிதானை நான்.
எந்த வக்கடையை எவன் வெட்டினான்,
எந்த வரம்பால் தண்ணி களவாய்ப் போனது,
நடுச்சாமத்தில் உள்ளங்காலுக்கே தெரியும்.
தண்ணிமுறை நாளில் கண்ணயர்ந்த வட்டவிதானையை
வட்டை முழுக்க ஏசும்.
இப்ப வட்டை வேறொருவன் பொறுப்பில்.
கண் மட்டும் இன்னும் காவலுக்குப் போகுது.

முதல் கிழமை சொன்னபடி எண்ணினேன்.
நாலில், உமறுலெவ்வைப் போடியாரின்
தண்ணி ஏறாத நாலு ஏக்கர் வந்து நிண்டது.
ஆறில், எனக்குரிய ஆறு மரைக்கால் நெல்லை
அளக்காமலே மௌத்தான சீனிமுகம்மது.
எண்ணினால் எனக்குத் தூக்கம் வராது, கணக்குத்தான் வரும்.
ரெண்டு மணிக்கு எழும்பி
பழைய கொப்பியைத் தேடினேன்.

மறுகாவும் போனபோது
அவள் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இழுத்தாப்பிறகு ஏன் நிப்பாட்டுறீங்க?"
நானா?
"ஓம். ஒவ்வொரு தரமும்.
நான் நிப்பாட்டச் சொல்லல்லியே."

அவளுக்கு முப்பது வயசும் இராது.
விளக்கை நூர்த்துவிட்டு
ரோட்டால் வாகனம் ஒண்டு மெதுவாய்ப் போய் முடியுமட்டும்
எட்டுப் பேர் ஓர் அறையில்
மூச்சை அடக்கிக் கிடந்த ராவுகளை
என்னெண்டு சொல்ல?
இளையவனின் வாயில் என் உள்ளங்கை.
வீரமுனையிலும் ஆக்கள் அப்படித்தான் கிடந்தார்கள்,
எங்கட பக்கத்து வாகனத்துக்குப் பயந்து.
அவள் அதைக் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
"பழக்கம் பிள்ளை" எண்டேன்.
"அதையும் மெல்லமா விடலாம்" எண்டாள்,
அடுத்த துண்டைக் கூப்பிட்டாள்.

அண்டு ராவு எண்ணவில்லை.
துருசுக் கதவை நினைத்துக்கொண்டேன்.
ஏற்றுறது லேசு,
தோளில் பலம் இருந்தாற் போதும்.
இறக்குறதுதான் வேலை.
கையை விட்டால் கதவு விழுந்து கட்டே அதிரும்.
சில்லைப் பிடித்தபடி பல் பல்லாய் இறக்கவேணும்,
பல் பல்லாய்,
வாய்க்காலின் சத்தம் தேய்ந்து
தவளைச் சத்தம் மேலே வருமட்டும்.
மேலே ஏற்றி நிறுத்தி வைக்காதே எண்டு
எனக்கே சொல்லிக்கொண்டேன்.
ஏறின கை ஏறினபடி இறங்கட்டும்.

பக்கத்தில் றாவியாவின் குறட்டை.
மேல்மூச்சில் ஒரு விசில்,
கீழ்மூச்சில் சைக்கிள் ரியூப் காற்றுப் போகிற மாதிரி.
நாற்பத்தொன்பது வருசமாய் நான் ஏசின குறட்டை,
என்ர மூச்சைவிட ஒழுங்காய் இருந்தது.
டோர்ச் இல்லாத ராவில்
முன்னால் போகிறவரின் காலடியைக் கேட்டு
வரம்பில் நடக்கிற மாதிரி
அதன் பின்னால் போனேன்.

குணம் எண்டு சொல்லமாட்டேன்.
அடுத்த ராவு முழிப்பு. அதற்கடுத்த ராவும்
சீனிமுகம்மது வந்து குந்தியிருந்தார்.
கொப்பியை மட்டும் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை, திடீரெண்டு சுபஹுக்குப் பாங்கு.
இடையில் ஒண்டுமே இல்லை,
வெட்டி எடுத்த மாதிரி.
"ராவு ஒரு நாயும் குரைக்கல்லியா?" எண்டு
றாவியாவைக் கேட்டேன்.
முக்காட்டைச் சரிசெய்தபடி
என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.
"விடிய விடியக் குரைச்சதே."