எதிரெடை

ஜாலான் அம்பாங்கில் முப்பத்தோரு மாடி.
நான்கு மின்தூக்கிகள்.
மாதம் ஒருமுறை
அவற்றின் தலைமேல் ஏறி உட்காருகிறவன் நான்.
இருட்டில் டார்ச் அடித்து
இரும்புக் கயிற்றைப் புரி புரியாகப் பார்ப்பேன்.
அறுந்த இழை இருந்தால் நோட்டில் குறிப்பேன்.
பெரும்பாலும் இருக்காது.
இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு
பெட்டி ஒன்றுக்கு அறுநூற்றெண்பது வெள்ளி
என் கம்பெனிக்கு.

ஒவ்வொரு டிசம்பரும் கட்டட நிர்வாகி தியோ கேட்பார்:
ஒன்றுமே கெடவில்லையே, எதற்கு இவ்வளவு?
சிரித்து வைப்பேன்.
போன டிசம்பரில் சிரிப்பு வரவில்லை.
அதே கேள்வியை மடித்து
என் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

இதே கட்டடத்தில், இருபத்து மூன்றாம் மாடியில்
என் பணத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள்.
பதினோரு வருடங்களுக்கு முன்
சேமநிதியிலிருந்து எடுத்துக் கொடுத்த நாற்பதாயிரம்.
உள்ளே நுழைந்ததற்கே ஆயிரத்து இருநூறு போனது.
பிறகு வருடா வருடம் நூற்றுக்கு ஒன்றரை,
சந்தை ஏறினாலும், இறங்கினாலும்,
அசையாமல் நின்றாலும்.
இன்றைக்கு அறுபதாயிரத்துச் சொச்சம்.

வனஜோதியும் அதே நாற்பதாயிரத்தை வைத்திருந்தாள்.
எங்கும் எடுக்கவில்லை, சேமநிதியிலேயே விட்டுவிட்டாள்.
எழுபத்திரண்டாயிரத்துச் சொச்சம்.
செந்தூல் வீட்டில், சாப்பாட்டு மேசையில்
இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு
மீன் கழுவப் போய்விட்டாள்.
திட்டியிருக்கலாம்.

நடமாட்டக் கட்டுப்பாட்டின் இரண்டாவது வாரம்
எல்லாம் சரிந்துகொண்டிருந்தபோது
ராத்திரி பதினொன்றே காலுக்கு
யோகமலரைக் கூப்பிட்டேன், எல்லாவற்றையும் விற்றுவிடச் சொல்லி.
அந்தப் பக்கம் குழந்தை அழுதது.
"எனக்கும் பயமாத்தான் இருக்கு அண்ணே,
தூங்குங்க. காலையில பேசுவோம்."
தூங்கினேன். விற்கவில்லை.
அந்தத் தூக்கத்துக்கு என்ன விலை?
அறிக்கையில் அப்படி ஒரு வரி இல்லை.

இதை வனஜோதியிடம் சொன்னபோது
செதில் ஒட்டிய கையோடு திரும்பினாள்:
"என் காசுக்காக நான் யாரையும்
ராத்திரி எழுப்ப வேண்டி வரலையே."

பெட்டி மேலே போகும்போது
பின்சுவரோரம் ஓர் எடை கீழே இறங்கும்.
ஏறுகிறவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை.
குறைந்தால் மோட்டார் திணறும்,
கூடினாலும் திணறும்.
எவ்வளவு என்பதற்கு எங்களிடம் கணக்கு உண்டு:
காலிப் பெட்டி, அதோடு சுமையில் ஏறக்குறையப் பாதி.
ஒன்றரைக்கு என்ன கணக்கு என்று
ஒருமுறை யோகமலரிடம் கேட்டிருக்கிறேன்.
"எல்லா கம்பெனியும் அப்படித்தாண்ணே."

கயிறு அறுந்தால் என் கையெழுத்தைத் தேடி வருவார்கள்.
அங்கே எறும்பு எழுத்தில் அடிக்குறிப்பு இருக்கிறது,
விழுந்தால் அது என் விருப்பம் என்று.

மீட்புப் படிவம் வாங்கி மூன்று வாரமாகிறது.
பைக்குள்ளேயே கிடந்து கிரீஸ் படிந்துவிட்டது.
நேற்று கீழ்த்தளத்தில் மூன்றாம் பெட்டியை
ஏற்றி இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தேன்.
கையில் பசியாறப் பொட்டலத்தோடு யோகமலர் வந்தாள்.
தலையில் ஹெல்மெட், முகத்தில் தூசு;
அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.
பாதி திறந்த பலகையையும் தொங்கும் வயர்களையும் பார்த்து
மலாயில் கேட்டாள்,
ஏறலாமா, பத்திரம்தானே?

பார்த்துவிட்டேன், போகலாம் என்றேன்.

ஏறினாள்.
எவ்வளவு வாங்குகிறாய் என்று கேட்கவில்லை.
கதவு மூடியது.
எண்கள் ஒவ்வொன்றாக ஏறின.
சுவருக்குப் பின்னால் அது இறங்கி வரும் ஓசை
எனக்கு மட்டும் கேட்டது.