ஒரு விரல் இடைவெளி

கிரிம்ஸ்பி. மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால்
நகராட்சிக் குடியிருப்பு, மூன்றாம் மாடி.
லிஃப்ட் ஓடவில்லை.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்:
ஒரு பட்டை, அதைப் பூட்ட ஒரு கருவி,
சுவரோரம் வைக்கச் சாம்பல்நிற ரிசீவர்,
கையெழுத்து வாங்க நான்கு தாள்.

கால் கழுவி வைத்திருந்தார்.
யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.
விரல்களின் நடுவே இன்னும் ஈரம்.
"இடதா, வலதா?" என்றார்
செருப்புக்கடைக்கு வந்தவர் மாதிரி.

மெஸியான் பெல்காசெம், வயது நாற்பத்தொன்று.
ஆறு வருடம் ஐந்து மாதம் உள்ளே.
குற்றப்பத்திரிகை இல்லை, விசாரணை இல்லை.
ஆதாரம் உண்டாம், மூடிய உறையில்.
நீதிபதி படித்தார்.
இவருக்காக வாதாட அரசே அமர்த்திய வக்கீல் படித்தார்;
படித்த நிமிடம் முதல்
இவரோடு பேசக்கூடாது என்றாகிவிட்டது.

மடியில் கனமில்லாவிட்டால்
வழியில் பயமில்லையாம்.
தன் மடியில் என்ன கனம் என்று
இவருக்கே காட்டவில்லை.

கையேடு சொல்கிறது:
பட்டைக்கும் தோலுக்கும் நடுவே
ஒரு விரல் நுழைய வேண்டும்.
இறுக்கினால் புண்.
தளர்ந்தால் கழன்றுவிடும்.
யாருடைய விரல் என்று சொல்லவில்லை.
என் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன்.
கணுக்கால் குளிர்ந்திருந்தது.

இறங்கும்போது முதல் மாடியில்
கதவைப் பாதி திறந்து நின்றாள் ஜோலீன்.
இடுப்பில் ஒன்று, முழங்காலைக் கட்டியபடி ஒன்று.
"என்ன செய்தான்?"
தெரியாது.
"செய்வானா?"
தெரியாது.
"ஆயிரம் குற்றவாளி தப்பலாம்,
ஒரு நிரபராதி மாட்டக்கூடாது.
நல்ல பேச்சுதான்.
அந்த ஆயிரம் பேரை
அப்படிப் பேசியவர்கள் தெருவிலா
குடிவைக்கிறீர்கள்?"
சின்னவன் என் பெட்டியின் கொக்கியைத்
திறக்கப் பார்த்தான்.
பதில் இருந்தால்
அவனிடமாவது கொடுத்திருப்பேன்.

என் தம்பி க்ளைவுக்கு
வலது முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லை.
ஒரு பஸ் நிலையம், ஒரு செவ்வாய்க்கிழமை,
பெஞ்சுக்கு அடியில் ஒரு முதுகுப்பை.
வைத்தவனை இரண்டு மாதம் முன்பே
பிடித்து, விசாரித்து,
போதவில்லை என்று விட்டிருந்தார்கள்.
யாருக்குப் போதவில்லை என்று
அம்மா பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில்
அவன் செயற்கைக்காலின் வாரை நான் கட்டிவிடுவேன்.
புதிதாக வந்த ஆளைப் பற்றிச் சொன்னேன்.
பேர் சொல்லவில்லை, சொல்லக்கூடாது.
"நான் இந்த வேலை பார்ப்பது
உனக்குக் கோபமா?" என்றேன்.
டிவியில் ரக்பி ஓடிக்கொண்டிருந்தது.
"இறுக்கிக் கட்டாதே," என்றான்.
எந்தக் காலை என்று நான் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் இரவு இரண்டு பத்துக்கு
திரையில் சிவப்பு.
எல்லை தாண்டல், நான்கு நிமிடம்.
பிறகு பச்சை.
அந்த நான்கு நிமிடத்தில்
ஜோலீனின் கதவைப் பத்து தடவை நினைத்தேன்.
பெஞ்சுக்கு அடியை ஒரு தடவை.

காலையில் போனேன்.
ரிசீவரின் அலை பால்கனி வரை எட்டாதாம்.
அதை அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை,
எனக்கும்.
"பனி பெய்தது. பார்த்தேன்," என்றார்.
பனி பெய்தது உண்மை.
கம்பிமேல் இரண்டு உள்ளங்கைகளின் தடம்
உறைந்து கிடந்தது.
அவர் பார்த்தது பனியைத்தானா,
கீழே நின்ற யாரையாவதா,
தடத்தில் அது தெரியாது.

பட்டைக்குக் கீழே தோல் சிவந்திருந்தது.
விரலை விட்டுப் பார்த்தேன். நுழைந்தது.
கொஞ்சம் தளர்த்தியிருக்கலாம்.
தளர்த்தவில்லை.

வண்டியில் உட்கார்ந்து படிவம் நிரப்பினேன்.
மீறல்: ஆம். நேரம்: நான்கு நிமிடம்.
காரணம் என்ற கட்டத்தில்
'பனி' என்று எழுதி
அடித்துவிட்டேன்.
அடித்த பிறகும்
வாசிக்க முடிகிறது.