சுண்டுவிரல்

தண்டையார்பேட்டையில் லாரி ஷெட்டுக்கு மேல்மாடி.
கம்பெனியின் பெயர் கண்கூடு.
பெயர்ப்பலகை வர ஆறு மாதம் ஆனது.
அதற்குள் கீழே பஞ்சர் ஒட்டும் காதர் பாஷா
கண்ணாடிக் கடை என்றே
வழி சொல்லிப் பழகிவிட்டார்.

என் வேலை துடைப்பது.
ஒருவர் கழற்றிய ஹெட்செட்டை
அடுத்தவர் மாட்டுமுன்
நெற்றி படும் பஞ்சை ஸ்பிரிட்டால் துடைப்பேன்.
மல்லிகை எண்ணெய், பீடி, விபூதி, மீன்:
வந்துபோனவர் யாரென்று பஞ்சே சொல்லும்.

எங்களுக்கு வேண்டியது கைகள்.
தெரிந்த வேலையை, பொருளில்லாமல்,
கேமரா பார்க்கச் செய்ய வேண்டும்.
மணிக்கு நூற்றைம்பது ரூபாய்.
பூ கட்டினார்கள். பரோட்டா வீசினார்கள்.
காய் இல்லாமல் கேரம் ஆடிய பையன்
சிவப்பைத் தவறவிட்டு உச்சுக்கொட்டினான்.
காசிமேட்டிலிருந்து வந்த தேசம்மா
இல்லாத இறாலை உரித்தார்,
தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, குடலை இழுத்து,
மூன்று மணி நேரம்.
முடித்ததும் விரல்களை முகர்ந்து பார்த்து
"இன்னாடா இது, நாத்தமே இல்ல" என்றார்.

எப்போதோ இறால் முள் குத்திச் சீழ் வைத்ததில்
அவருடைய இடது சுண்டுவிரல் மடங்காது.
பிழை என்று அதை நீக்கப் பார்த்தான் பிராங்க்ளின்.
"இருக்கட்டும்,
எல்லார் விரலுமா மடங்குது?" என்றாள் கோதாவரி.
இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை எங்களை வாங்கிவிட்டார்கள்.
வாங்கியவனை வாங்க இன்னொருவன் வருவதாக
அந்த வாரமே பேச்சு.
சின்ன மீன், பெரிய மீன் என்று
உவமை வாய் வரை வருகிறது.
காசிமேட்டில் சொன்னால் சிரிப்பார்கள்,
இரண்டும் ஒரே தரையில்தான் ஏலம் போகும்.

விலையின் சைபர்களைக் காதர் பாஷா
டயரில் சாக்பீஸால் எழுதிப் பார்த்தார்.
ஒரு சுற்று வந்து
முதல் சைபரிலேயே மோதியது.

பிராங்க்ளின் விமானம் ஏறினான்.
கோதாவரி அழுதாள், பிறகு அவளும் ஏறினாள்.
எனக்கு இரண்டு மாதச் சம்பளம்,
ஒரு பழைய ஹெட்செட்.
மாட்டினால் ஒரே வரி:
உங்கள் கணக்கைப் புதிய உரிமையாளருடன் இணைக்கவும்.
அதற்குப் பின்னால் வெறும் சாம்பல்,
எண்ணூரில் துணி காயப்போட்ட கொடியில்
காலையில் படிந்திருக்குமே, அது.

போன மாதம் ஒரு மாலில்
புது மாடலை இலவசமாக மாட்டிவிட்டார்கள்.
யாரோ துடைத்திருந்தார்கள், சரியாகத் துடைக்கவில்லை.
கிள்ளினால் திறக்கும், இழுத்தால் நகரும் என்றது குரல்.
செய்து காட்ட, கண்ணெதிரே
நீல நிறத்தில் இரண்டு கைகள் எழுந்தன.
கிள்ளின.
கழற்றின.
இழுத்தன.
இடது சுண்டுவிரல் மட்டும் மடங்காமல்
தனியே நின்றது.
நான் அங்கேயே "யக்கா" என்றேன்.
விற்பனைப் பெண் தலைசுற்றலா என்று
தோளைப் பிடித்தாள்.

மறுநாள் விடியுமுன் காசிமேடு போனேன்.
ஐஸ் உருகிய தண்ணீரில் குந்தியிருந்தார்.
சொன்னேன்.
"எவ்ளோக்கு வித்தாங்களாம்?"
சொன்னேன்.
"அதுல சுண்டுவிரலு எவ்ளோன்னு
பிரிச்சிக் கேட்டுச் சொல்லு."

யாரிடம் கேட்பது?
அரைக் கிலோ இறால் வாங்கினேன்.
"உரிக்கிறதுக்கு முப்பது தனி" என்றார்.